புதுப்பிப்பு: அச்சில் ஊதாவாக மாறிய வானம்

திரையில் தெளிந்த நீலமாகத் தெரியும் வானம் அச்சில் ஊதா கலந்து வருவதாக முன்பு எழுதியிருந்தேன். காரணம் இப்போது பிடிபட்டுவிட்டது. படத்திருத்த மென்பொருளும் அச்சுப்பொறியை இயக்கும் டிரைவர் மென்பொருளும் ஒரே கோப்புக்குத் தனித்தனியே நிறத்திருத்தம் செய்ததால், மாற்றம் இரட்டிப்பாகி, வானத்தில் சயான் என்னும் பச்சைநீல மையோடு சேரும் மஜென்டா என்னும் செவ்வூதா மை அளவு மீறிப் போயிருந்தது. டிரைவரின் நிறத்திருத்தத்தை அணைத்துவிட்டு, தாளுக்கும் மைக்கும் உரிய ஐசிசி புரொஃபைல் என்ற நிறவிவரக் கோப்பைப் படத்திருத்த மென்பொருளிலேயே தேர்ந்தெடுத்தவுடன் ஊதா மறைந்தது.

அடிவானத்தின் வெளிர்நீலம் மட்டும் இன்னும் இருண்டே வந்தது. அது நிறக்கோளாறு அன்று. திரையின் ஒளிர்வை மிகையாக வைத்துப் படத்தைத் தேவைக்கு மேல் இருட்டாகத் திருத்தியதன் விளைவு. அந்த ஒளிர்வைச் சதுர மீட்டருக்கு 100 கேண்டெலாவாக (ஒளிச்செறிவின் அலகு) குறைத்து மீண்டும் திருத்தினேன். மை நன்கு உலர்ந்தபின், பகல் வெளிச்சத்தை ஒத்த 5000 கெல்வின் விளக்கொளியில் வைத்துப் பார்த்தபோது, நான் படமெடுத்த அந்த வானமே தாளில் இருந்தது; உண்மையாகவே மனம் நிறைந்தது.