தஞ்சாவூரில் கலையை எங்கே தேடுவது?

கேள்வி:
பணி மாறுதலில் தஞ்சாவூருக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. பெரிய கோயிலுக்கு மூன்று முறையும் அரண்மனைக்கு இரண்டு முறையும் சென்றுவந்தேன். நிறையப் பார்த்தேன், படங்களும் எடுத்தேன். ஆனால் வீடு திரும்பிய பின் மனத்தில் தங்கியது அதிகம் இல்லை. சபா அறிவிப்புகளைப் பார்த்து நுழைவுச்சீட்டு வாங்கிப் பழகிய எனக்கு, இசையும் நாட்டியமும் தழைத்த ஊர் என்று எல்லோரும் சொல்லும் இவ்வூரில் அந்தக் கலை எங்கே இருக்கிறது என்பது பிடிபடவில்லை. நான் முறையாகச் சங்கீதம் கற்றவனும் அல்லன். எங்கிருந்து தொடங்கலாம் என்று ஊரை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1:
ஐயா, அரண்மனைக் கலைக்கூடத்துக்கு இன்னொரு முறை செல்லுங்கள். இம்முறை திருவெண்காட்டு ரிஷபவாகனரை, அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவனை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தச் செப்புத் திருமேனியில், பாம்புகள் பின்னிய சடையைத் தலைப்பாகைபோலச் சுற்றிக்கொண்டு, ஒரு கையைக் காளையின் மீது சாய்த்தபடி இறைவன் நிற்கிறார். காளையோ இன்று இல்லை. வெறுங்காற்றின் மீது தளர்ந்து கிடக்கும் அந்தக் கையின் மடிப்பையும் விரல்களையும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், காளையின் முதுகு எவ்வளவு உயரத்தில் இருந்திருக்கும் என்பதை நம் கண்ணே அளந்து சொல்லிவிடும்.

பெரிய கோயிலுக்கு உச்சிவெயிலில் போகாமல் மாலையில் போங்கள். பல ஊர்க் கோயில்களிலிருந்து கோயிலில் ஆடிப்பாடும் 400 தளிச்சேரிப் பெண்டுகளை வரவழைத்துக் குடியேற்றிய இராஜராஜன், ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் அளித்ததை, அவரவர் பெயரோடும் வந்த ஊரோடும் அங்கே கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். நீங்கள் தேடும் சபா இவ்வூரில் கோயிலாகவே இருந்திருக்கிறது. மகா சிவராத்திரியை ஒட்டிய நாட்டியாஞ்சலியும் ஐப்பசிச் சதய விழாவும் இன்றும் அங்கேதான் நடக்கின்றன.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். எனினும், செய்து முடித்த பொருளைப் பார்ப்பதோடு நின்றுவிட வேண்டாம் என்பது என் கருத்து. வீணை செய்யும் பட்டறை ஒன்றில் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு ஒரு முற்பகல் உட்காருங்கள். பலாமரத்தில் குடம் குடைவதும் யாளி முகம் செதுக்குவதும் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் சுர இடங்களைக் காட்ட, தந்திகளுக்குக் கீழே குறுக்காக வைக்கும் உலோகத் துண்டுகளான மெட்டுகளைப் பதிக்கும் நாள் வாய்த்தால் அதைத் தவறவிடாதீர்கள். வீணையின் நீண்ட தண்டியின் இருபுறமும் கறுப்பு மெழுகை வரப்புப்போலக் கட்டி, 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாக அதன்மீது அமைப்பார்கள். நான் முதன்முதலில் கண்டபோது, அந்த ஆசாரி தந்தியை மீட்டினார், காதைச் சாய்த்தார், மெட்டை மயிரிழை அளவு நகர்த்தினார், மறுபடியும் மீட்டினார். ஒரே மெட்டுக்காக ஏழெட்டு முறை இப்படிச் செய்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அடுத்த மெட்டுக்குப் போனார். செவிதான் அங்கே அளவுகோல். அன்றிலிருந்து கச்சேரியில் வீணை கேட்கும்போதெல்லாம், வாசிப்பவரின் விரலோடு அந்த மனிதரின் காதும் எனக்கு நினைவுக்கு வருகிறது. சங்கீதம் கற்காதவரும் இதை முழுமையாக அனுபவிக்கலாம்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஞாயிறன்று கலைக்கூடத்துக்குச் சென்று முக்கால் மணி நேரம் அந்தக் கையின் முன் நின்றேன். கைப்பேசியை வெளியே எடுக்கவே தோன்றவில்லை. தெலுங்கில் பாடி ஆடும் நாட்டிய நாடகமான மெலட்டூர் பாகவத மேளாவைப் பற்றியும் நண்பர்கள் சொல்கிறார்கள். தெலுங்கு அறியாதவனுக்கு அது எட்டுமா?

பதில் 3:
தாராளமாக எட்டும். மெலட்டூர் தஞ்சையிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆண்டுதோறும் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி, பெண் வேடங்களையும் ஆடவரே ஏற்று, இரவெல்லாம் ஆடுவார்கள். முதலில் பிரகலாத சரித்திரத்தைப் பாருங்கள். தெரிந்த கதை என்பதால், சொல் புரியாத இடத்திலும் பிரகலாதனின் தாய் லீலாவதியின் கலக்கத்தை அவர் முகமே சொல்லிவிடும். நரசிம்மராக வருபவர் விரதமிருந்து, பூசையில் வைத்த முகமூடியை அணிந்துகொள்கிறார். அவர் வெளிப்படும் கட்டம் விடியலை நெருங்கித்தான் வரும். ஆவேசம் மிகும் அவரைப் பக்கத்திலிருப்பவர்கள் பிடித்துக்கொள்வதை அப்போது காண்பீர்கள். நள்ளிரவில் எழுந்துபோய்விடுகிறவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள்.

அதற்கு முன் திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை வரும். தியாகராஜர் மறைந்த திதியான பகுள பஞ்சமியன்று பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடும்போது, முன்வரிசையைத் தேடாமல், சாகித்தியப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு உடன் பாடும் ரசிகர்களுக்கு இடையே உட்காருங்கள். நாட்டை ராகத்தில் தொடங்கி ஸ்ரீராகத்தில் முடியும்வரை எழுந்திருக்க மனம் வராது. மெலட்டூருக்கு மட்டும் பகலில் தூங்கிவிட்டு, உட்கார ஒரு விரிப்போடு வாருங்கள்.