ரெட்கான்: முன்கதைத் திருத்தமா, இடைச்செருகலா?

வணக்கம்.

காமிக்ஸ் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பட்டியலில் கட்டம், பேச்சுக்குமிழ், மை தீட்டுநர் எல்லாம் முடிந்தன. ‘ரெட்கான்’ மட்டும் நிற்கிறது: முன்பு வந்த கதைக்குப் பின்னால் வரும் கதை வேறு பொருள் சொல்லிவிடுவது. இதுவரை வந்த முன்மொழிவுகள் மூன்று: பின்னோக்குத் தொடர்ச்சி, கதைமாற்றம், இடைச்செருகல்.

முதலாவது, ‘ஆல்-ஸ்டார் ஸ்குவாட்ரன்’ காமிக்ஸ் 18ஆம் இதழின் வாசகர் கடிதப் பக்கத்தில் 1983இல் அதன் எழுத்தாளர் ராய் தாமஸ் அச்சேற்றிய ‘ரெட்ரோஆக்டிவ் கன்டினியூட்டி’ என்ற ஆங்கிலச் சொற்றொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. அதன் நீளம் தாங்காமல்தான் ஆங்கிலத்தில் எழுதுபவர்களே அதை ரெட்கான் என்று நறுக்கிக்கொண்டார்கள். தமிழில் படிப்பவருக்கோ கதை பின்பக்கமாக நகர்கிறது என்றுதான் தோன்றும். ‘கதைமாற்றம்’ எதற்கும் பொருந்தும். அதனாலேயே கலைச்சொல்லாக உதவாது.

இடைச்செருகல்தான் ஆசை காட்டுகிறது. பதிப்பாசிரியர்கள் புழங்கித் தேய்த்த சொல். ஆனால் அது ஏட்டுக்குள் நடக்கிற வேலை. பழைய பிரதியே மாறிவிடும். ரெட்கானில் பழைய இதழின் ஓர் எழுத்தும் மாறாது. புதிய இதழ் வந்து பழையதற்கு வேறு பொருள் சொல்லும்.

கேப்டன் அமெரிக்காவைப் பாருங்கள். ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் படைத்த முதல் இதழில் இருக்கும் தேதி 1941 மார்ச். போருக்குப் பிறகு தொடர் நின்றது. 1953-54இல் கம்யூனிஸ்டுகளை விரட்டுபவராகத் திரும்ப வந்து சீக்கிரமே காணாமல் போனார். 1964இல் ‘அவெஞ்சர்ஸ்’ 4ஆம் இதழில் அவரைப் பனிக்கட்டிக்குள்ளிருந்து எடுத்தபோது, போரின் கடைசிக் கட்டத்திலிருந்தே உறைந்து கிடந்தார், கூட்டாளி பக்கி அப்போதே இறந்துவிட்டான் என்று எழுதினார்கள். அப்படியானால் 1954இல் அடிதடியில் இறங்கியது யார்? 1972இல் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் 153 முதல் 156 வரையிலான இதழ்களில் ஓட்டையை அடைத்தார்: அது வேறொருவர், முகத்தைக்கூட மாற்றிக்கொண்டு அதே உடுப்பில் திரிந்தவர். 1954 இதழை இன்று எடுத்தாலும் அதில் அச்சானது அச்சானபடியே இருக்கிறது.

2005இல் எட் புரூபேக்கர் இன்னொன்று செய்தார். பக்கி சாகவில்லை; சோவியத் ஆட்கள் எடுத்துப்போய்க் கொலையாளியாக்கிவிட்டார்கள். 2014இல் வந்த ‘விண்டர் சோல்ஜர்’ படத்துக்கு அடி இதுதான். இடையில் 41 ஆண்டுகள் அவன் செத்தவன்.

ஆகவே என் முன்மொழிவு: முன்கதைத் திருத்தம்.

* * *

> ஆகவே என் முன்மொழிவு: முன்கதைத் திருத்தம்.

நண்பரே, இடைச்செருகலைத் தள்ளியது சரி. இதில் எனக்கு இரண்டு இடறல்கள்.

ஒன்று, முதல் படத்துக்கு முந்தைய காலத்தைச் சொல்லும் அடுத்த படத்தையும் பத்திரிகைகள் ‘முன்கதை’ என்றே எழுதுகின்றன. இரண்டு, ஓர் இதழில் ‘திருத்தம்’ என்று கட்டம் கட்டினால் சென்ற இதழின் அச்சுப்பிழைக்கு வருந்துகிறோம் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். காமிக்ஸ் மொழிபெயர்ப்பில் ஆசிரியர் குறிப்பாக இது வரும்போது குழப்பம் நிச்சயம்.

எல்லையும் தெளிவாகவில்லை. கீழே உள்ளவை உங்கள் சொல்லுக்குள் வருமா, வெளியிலா?

ஆல்ஃபிரட் (பேட்மேனின் பணியாளர்): 1943இல் ‘பேட்மேன்’ 16ஆம் இதழில் குண்டாக, மீசையில்லாமல் வந்தவர். அதே ஆண்டு வெளியான 15 பாகத் திரைத்தொடரில் நடித்த வில்லியம் ஆஸ்டின் ஒல்லி, மீசைக்காரர். அதன் பிறகு காமிக்ஸிலும் ஆல்ஃபிரட் ஒல்லியாகிவிட்டார்.

ஸ்பைடர்-மேனின் வலை: 1962 முதல் அவர் செய்த கருவியிலிருந்து வந்தது. 2002 படத்தில் மணிக்கட்டிலிருந்தே சுரந்தது. 2004இல் காமிக்ஸிலும் அப்படியே ஆயிற்று.

ஜோக்கர்: பேட்மேனான புரூஸின் பெற்றோரைக் கொன்றவன் ஜோ சில் என்பது காமிக்ஸ். 1989 படத்தில் ஜோக்கர்.

கிரிப்டோனைட் (சூப்பர்மேனை வலுவிழக்கச் செய்யும் கல்): 1943இல் வானொலித் தொடரில் பிறந்தது. காமிக்ஸுக்கு 1949இல்தான் வந்தது.

* * *

> எல்லையும் தெளிவாகவில்லை.

எல்லையிலிருந்தே தொடங்குகிறேன். அது தெரிந்தால் சொல் தானே அமரும்.

ஆல்ஃபிரட் வெளியே. 1944 ஜனவரி ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 83ஆம் இதழில் அவர் விடுமுறையில் உடல்நல விடுதிக்குப் போய் இளைத்து, மீசை வளர்த்துத் திரும்புகிறார். படத்துக்காகத்தான் செய்தார்கள், ஆனால் நாணயமாகச் செய்தார்கள்: நேற்றுவரை குண்டு, இன்று ஒல்லி. ‘அவர் எப்போதும் ஒல்லிதான்’ என்று எழுதியிருந்தால் உள்ளே வந்திருக்கும். வலையும் அப்படித்தான். 2004 கதையில் ஸ்பைடர்-மேனான பீட்டரின் உடல் உருமாறுகிறது; அதுவரை கருவி இருந்ததை யாரும் மறுக்கவில்லை.

ஜோக்கரும் வெளியே, காரணம் வேறு. படம் தனிக் கதையுலகம். காமிக்ஸின் கடந்த காலத்தை அது தொடவே இல்லை. வால்மீகியில் இராவணன் சீதையைத் தொட்டுத் தூக்க, கம்பனில் குடிலோடு நிலத்தைப் பெயர்த்தெடுக்கிறான். அதைத் தழுவல் என்கிறோம், திருத்தம் என்பதில்லை.

கிரிப்டோனைட்தான் சொல்லைச் சோதிக்கிறது. சூப்பர்மேன் பிறந்து, பின் வெடித்த கிரகத்தின் துண்டுகள் பூமியில் விழுந்து கிடந்தன என்பது கடந்த காலத்தைப் பற்றிய புதுச் செய்தி, ஆனால் முன்பு சொன்ன எதையும் அது பொய்யாக்கவில்லை. ஆங்கிலத்தில் இதையும் ரெட்கான் என்றே சொல்வார்கள். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முன்பு சொன்னதோடு மோதாவிட்டால் ‘முன்கதைச் சேர்ப்பு’, மோதினால் ‘முன்கதைத் திருத்தம்’ என்று இரண்டு உள்பதிவுகள் போடலாம். மூலத்தைவிட நம் பட்டியல் துல்லியமாக இருப்பதில் தவறில்லை.

படத்துக்குள்ளேயே நடக்கும் திருத்தமும் உண்டு. 2002 ஸ்பைடர்-மேனில், பீட்டர் அலட்சியமாகத் தப்பவிட்ட திருடன்தான் பென் மாமாவைச் சுட்டவன். 2007இல் வந்த மூன்றாம் படம், சுட்டவன் ஃபிளின்ட் மார்க்கோ, அந்தத் திருடன் அவனுடைய கூட்டாளி மட்டுமே என்றது. இத்தகைய திருத்தம் எங்கே சறுக்கும் என்பதற்கு நல்ல சான்று: பீட்டரின் குற்றவுணர்வு முழுவதும் ‘நான் விட்டவன் கொன்றான்’ என்பதில் நின்றது. கொலையாளியை மாற்றியதும் அந்த ஆணி கழன்றுவிட்டது. பக்கியின் கதையில் அப்படியில்லை. அவன் பிழைத்தது கேப்டனின் குற்றவுணர்வைக் கூட்டியது. எனக்கு இதில் புரூபேக்கர் கட்சி.

‘முன்கதை’ இடறலுக்கு வருகிறேன். ‘முன்கதைச் சுருக்கம்’ என்பதைத் தொடர்கதை படித்தவர்கள் எல்லோரும் அறிவார்கள்: இதுவரை சொல்லப்பட்டது. ரெட்கான் கைவைப்பதும் அதில்தான். முந்தைய காலப் படத்துக்கு வேறு சொல் தேட வேண்டும், தனி இழையில் பேசுவோம். அச்சுப்பிழைக் குழப்பத்துக்கு வழி எளிது: ஆசிரியர் குறிப்பில் ‘திருத்தம்’ என்று தனியே விடாமல் எப்போதும் முழுச்சொல்லாக எழுதுவது.

ஒற்றில் கவனம் வேண்டும். பெயராக வந்தால் ‘முன்கதைத் திருத்தம்’, த் மிகும். ‘முன்கதை திருத்தப்பட்டது’ என்னும்போது முன்கதை எழுவாய், மிகாது. ‘முன்கதையைத் திருத்தினார்’, மிகும். மெய்ப்பு பார்ப்பவர்கள் இரண்டாவதில் கை வைப்பார்கள், விடாதீர்கள்.

தன் பல கதையுலகங்களை ஒன்றாக்க 1985-86இல் 12 இதழ்களில் டிசி பதிப்பகம் நடத்திய ‘கிரைசிஸ்’ வேலையை இதில் சேர்க்க வேண்டாம். அதைத் தொடர்ந்து 1986இல் ஜான் பைர்ன் சூப்பர்மேனை முதலிலிருந்து எழுதினார். அதற்குக் கணினியில் புழங்கும் ‘மறுதொடக்கம்’ போதும்.

பதிவு இப்படி இருக்கட்டும்:

முன்கதைத் திருத்தம் – ஒரே கதையுலகில் முன்பு வெளியானதை மாற்றி அச்சிடாமல், பின்னர் வரும் இதழோ படமோ அதற்கு மாறான உண்மையைச் சொல்லி அதன் பொருளை மாற்றுவது. ஒப்புநோக்குக: முன்கதைச் சேர்ப்பு, மறுதொடக்கம், தழுவல்.

* * *

> ஒரே கதையுலகில்

இந்தச் சொல் இருந்தால் ஜோக்கர் தானாக விலகிவிடுகிறான், ஏற்கிறேன். ‘மாறான உண்மையை’ என்பதை ‘மாறான செய்தியை’ என்று ஆக்குங்கள். அடுத்த எழுத்தாளர் வந்து அதையும் திருத்துவார்.