ஒரே ஒரு நாள் திரும்பக் கிடைச்சா எந்த நாள் கேப்பீங்க?

பீரோ_சாவி:
வீடு மாத்துறதுக்கு அப்பாவோட பீரோவ காலி பண்ணிட்டு இருந்தேன், எல்ஐசி ரசீதுக்கு நடுவுல ஒரு பழைய டிக்கெட். சேப்பாக்கம், 1999, இந்தியா பாகிஸ்தான் டெஸ்ட். எனக்கு அப்ப 11 வயசு, நாலாவது நாள் ஞாயித்துக்கிழமை, ஜனவரி 31, அவர்தான் கூட்டிட்டுப் போனாரு. நம்ம தோத்த மேட்ச்தான், ஆனா ஒரு நாள் திரும்ப வாழலாம்னு யாராவது சொன்னா நான் இதத்தான் கேப்பேன், 2011 வேர்ல்ட் கப் ஃபைனல் கூட வேணாம். உங்களுக்கு எது?

மெரினா_சுண்டல்:
அய்யோ நானும் அன்னைக்கு உள்ளதான் இருந்தேன்!! 271 டார்கெட், 82க்கு 5 போனதும் எங்க பக்கத்துல பாதி பேர் சாப்பாட்டு டப்பாவ மூடி கெளம்பப் பாத்தாங்க, அப்புறம் சச்சினும் மோங்கியாவும் நின்னாங்க பாருங்க, 136 ரன் பார்ட்னர்ஷிப். சச்சின் முதுகு வலியோட ஒவ்வொரு ஷாட்டுக்கும் குனிஞ்சு நிமிந்து ஆடுனத இப்ப நெனச்சாலும் ஒரு மாதிரி இருக்கு. 136ல சக்லைன் பால தூக்கி அடிச்சு வாசிம் கையில கேட்ச், இன்னும் 17தான் வேணும். அதுக்கப்புறம் மூணு விக்கெட்டுக்கு நாலே ரன்னு. 12 ரன்ல போச்சு.

டீக்கடை_பெஞ்ச்:
தோத்த மேட்ச திரும்பப் பாக்கணும்னு கேக்குறவங்கள இப்பதான் பாக்குறேன் 😂 நான் 2011தான் கேப்பேன், குலசேகரா பால்ல தோனி அடிச்ச அந்த சிக்ஸ், எங்க தெருவே ரோட்டுக்கு வந்துடுச்சு.

பீரோ_சாவி:
@டீக்கடை_பெஞ்ச் நியாயம்தான் ப்ரோ, ஆனா எனக்கு மேட்ச் முடிஞ்சதுக்கு அப்புறம் நடந்ததுதான் வேணும். பாகிஸ்தான் டீம் கிரவுண்ட சுத்தி வந்தாங்க, மொத்த கூட்டமும் எழுந்து நின்னு கைதட்டுச்சு, எங்கப்பாவும் தட்டுனாரு. எனக்கு வந்துச்சே கோவம், எதுக்குப்பா அவங்களுக்குத் தட்டுறன்னு சட்டையப் புடிச்சு இழுத்தேன். நல்லா ஆடுனான்ல, தட்டாம என்ன பண்றதுன்னாரு. நான் உக்காந்தே இருந்தேன். பறக்கும் ரயில்ல வரும்போது கூட பேசல, அவர் வாங்கிக் குடுத்த கடலைய தொடவே இல்ல. திரும்பக் கெடச்சா எழுந்து நின்னு அவரோட சேந்து தட்டிட்டு அந்தக் கடலைய சாப்பிட்டுருவேன், அவ்ளோதான்.

தஞ்சாவூர்_அக்கா:
இத படிச்சுட்டு ஆபீஸ்ல கண்ண தொடச்சிட்டு இருக்கேன்ப்பா. எனக்கு கிரிக்கெட் ஒண்ணும் புரியாது, நான் கேக்குறது ஒரு ஆடிப்பெருக்கு. திருவையாறு படித்துறைல அம்மாச்சி காதோலை கருகமணிய ஆத்துல விட்டுட்டு, எல்லாருக்கும் புது மஞ்சக்கயிறு கட்டுவாங்க, அப்புறம் தூக்குச்சட்டில இருக்க தேங்கா சாதம். நான் கயித்துல முடிச்சு கடிக்குதுன்னு அவுத்து எறிஞ்சேன், அவங்க ஒண்ணும் சொல்லல, இன்னொண்ண எடுத்து லூசா கட்டி விட்டாங்க. அடுத்த ஆடிக்கு அவங்க இல்ல.

மெரினா_சுண்டல்:
@பீரோ_சாவி உங்கப்பா சொன்னதுதான் சரி, அன்னைக்கு தட்டுனதுல என் கையே செவந்து போச்சு. ஒண்ணு சொல்றேன், அந்த டிக்கெட்ட லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்க, நான் என்னோடத அப்படித்தான் குடுத்து கெடுத்தேன், சூட்டுல எழுத்தே போயிடுச்சு.