புதுப்பிப்பு: பத்மினியில் பிரேக் ஏர் எடுத்தாகிவிட்டது

அப்பச்சியின் பழைய பத்மினி காரில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்று எழுதியிருந்தேன். பெடலை அமுக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொன்னவர்களே அதிகம். அதற்குத் தேவை வரவில்லை, ஆயில் போகும் லைனில் காற்று புகுந்திருந்ததுதான் காரணம். அந்தக் காற்றை வெளியேற்றுவதுதான் ஏர் எடுப்பது.

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் என்பதால் முதலில் ஷூவை (டிரம்மின் உள்பக்கம் உரசி வண்டியை நிறுத்தும் கட்டை) அட்ஜஸ்ட் செய்தோம். இதை விட்டுவிட்டு எவ்வளவு ஏர் எடுத்தாலும் பெடல் கீழேதான் போகும். அப்புறம் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள பின் இடது சக்கரத்தில் ஆரம்பித்தோம். நிப்பிளில் (ஆயிலை வெளியே விடத் திறக்கும் சிறு திருகு) உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் மாட்டி, மறுமுனை ஆயில் உள்ள பாட்டிலுக்குள் முங்கியிருக்க வேண்டும். அக்கா மகன் பெடலில். "மாமா, அமுக்கிட்டேன்" என்றதும் நிப்பிளைத் திறப்பேன். மூடிய பிறகுதான் காலை எடுக்கச் சொல்வேன். இந்த வரிசை மாறினால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். முதலில் காப்பி நிறத்தில் கசடு, பின்னாலேயே பொடிப்பொடியாகக் குமிழி, கடைசியில் தெளிவான ஆயில். மாஸ்டர் சிலிண்டரின் டப்பாவில் ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள்.

பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். வெகுநாள் திறந்துகிடந்த டப்பாவில் உள்ள ஆயில் வேண்டாம், அது ஈரத்தை இழுத்திருக்கும்.

கானாடுகாத்தானிலிருந்து பள்ளத்தூர் வரை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். பெடல் பாதியிலேயே கெட்டியாக நிற்கிறது, வண்டி ஒரு பக்கம் இழுக்கவில்லை. பின்பக்க ரப்பர் ஹோஸில் வெடிப்பு தெரிகிறது. அதை மாற்றியதும் மறுபடி ஏர் எடுக்க வேண்டும். அதுவரை காரைக்குடிப் பக்கம் வண்டியை எடுக்கப் போவதில்லை.