கத்தரிக்காயா, கருவாடா? மூட்டு நோ உள்ளவர்களுக்கு எந்த மரக்கறியை நிறுத்துவது?

சல்லிக்கரை கேட்டது:

வணக்கம். திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்கு மத்தியானச் சாப்பாட்டுப் பட்டியல் போடவேண்டும். 14 பேர், ஒரே அடுப்பு. ஐந்து பேருக்கு முழங்கால் தேய்மானம். இரண்டு பேருக்குச் சரவாங்கி, கிழமைக்கு ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறார்கள். மூன்று பேருக்கு யூரிக் அசிட் கூடி, கால் பெருவிரல் வீங்குகிற வருத்தம். தேய்மானக்காரரில் ஒருவர் இதயத்துக்காக, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினும் எடுக்கிறார்.

சுவரில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் தடைப்பட்டியல் இது: கத்தரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு, கறிமிளகாய், பருப்பு, பசளி, காளான், கோலிஃபிளவர். எல்லாருக்கும் பொதுவாம். இவ்வளவையும் எடுத்தால் புடலங்காயும் பூசணியும் மாறி மாறித்தான் வரும். இந்தத் தடைக்கு ஆதாரம் இருக்கிறதா? ஒருத்தருக்கு ஒரு காய் உண்மையிலேயே ஒத்துவரவில்லை என்றால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? முடக்கொத்தான் சேர்க்கலாமா?

ஆலடி பதில்:

மூன்று வேறு நோயை ஒரே காகிதத்தில் எழுதி ஒட்டியதுதான் முதல் பிழை. தேய்மானம் குருத்தெலும்பின் சேதி. சரவாங்கி உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குவது. யூரிக் அசிட் வருத்தம் மூட்டுக்குள் உப்புப் படிகம் இறங்குவது. ஒன்றுக்குச் சொன்ன பத்தியம் மற்றதுக்குப் பொருந்தாது.

உங்கள் பட்டியலின் முதல் நாலும் ஒரே தாவரக் குடும்பம். கத்தரிக் குடும்பம் மூட்டைக் கெடுக்கும் என்ற கதையை 1970களில் பெரிதாகப் பரப்பியவர் அமெரிக்காவின் தோட்டக்கலைப் பேராசிரியர் நோர்மன் சில்டர்ஸ். அந்தக் காய்களை விட்டவர்கள் தங்களுக்குச் சுகம் என்று சொன்னதுதான் அவருடைய ஆதாரம். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை. நம் ஊரில் அது "கத்தரிக்காய் கிரந்தி" என்ற பழைய பேச்சோடு நன்றாக ஒட்டிக்கொண்டது. கத்தரிக்காயில் இயற்கையாகவே ஹிஸ்டமின் உண்டு, சிலருக்கு நாக்கும் தோலும் அரிக்கும், அது உண்மை. ஆனால் அரிப்பு வேறு, மூட்டு வீக்கம் வேறு.

வேடிக்கை என்னவென்றால், தூதுவளை, மணத்தக்காளி, சுண்டங்காய் மூன்றும் அதே குடும்பந்தான். அவற்றை மருந்தென்று கொடுத்துவிட்டுக் கத்தரிக்காயை மட்டும் வெளியே தள்ளுகிறோம்.

பயப்படவேண்டியது சோலனின் என்ற இயற்கை நஞ்சுக்கு, அதுவும் உருளைக்கிழங்கில். கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேலே போனால் உண்ணத் தகாது என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட எல்லை. நல்ல கிழங்கில் அதைவிட நன்றாகக் குறைவாகவே இருக்கும். கடை வாசலில் வெயில் பட்டுப் பச்சையான கிழங்கிலும் முளையிலும் கூடும். அவித்தாலும் பொரித்தாலும் பெரிதாகக் குறையாது. சாக்கை இருட்டில் வையுங்கள், முளையைக் குடைந்து எடுங்கள், பச்சைத் தோலைத் தடிப்பாகச் சீவுங்கள். பச்சை உள்ளேயும் போயிருந்தாலோ கசந்தாலோ முழுக்கிழங்கையும் எறியுங்கள். அப்படிச் சாப்பிட்டால் வருவது வயிற்றுப் புரட்டலும் வாந்தியும்.

தேய்மானக்காரருக்குக் காயைவிட எண்ணெய்தான் கேள்வி. எடை 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் விழும் சுமை சுமார் 4 கிலோ குறையும். கத்தரிக்காயைப் பொரித்துப் பால்கறி வைத்தால் அது பஞ்சுபோல எண்ணெயைக் குடிக்கும். வெட்டி உப்புப் பிரட்டி 15 நிமிடம் வைத்துப் பிழிந்து, தோசைக்கல்லில் எண்ணெய் தடவி வாட்டிப் பிறகு பாலில் போடுங்கள். ருசியில் பெரிய வித்தியாசம் தெரியாது.

கொட்டியாரம் பதில்:

யூரிக் அசிட் மூன்று பேரின் விஷயம். திருகோணமலைச் சமையலில் கத்தரிக்காய் தனியாக வருவது அபூர்வம். நெத்தலிக் கருவாடு அல்லது சூடைக் கருவாட்டோடுதான் குழம்பில் இறங்கும். இரவு பெருவிரல் வீங்கினால் பழி கத்தரிக்காய்க்கு. உடம்பில் யூரிக் அசிட்டாக மாறும் பியூரின் நிறைந்திருப்பது கருவாட்டில். நெத்தலியும் சூடையும் பச்சையாகவே பியூரின் கூடிய மீன்கள், காய்ந்து நீர் வற்றியதும் அதே எடைக்கு இன்னும் செறிந்துவிடும். "கருவாட்டை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் விடுங்கள்" என்பதும் சரிவராது, கொதிக்கும்போது பியூரின் தண்ணீரில் இறங்கும். மீன்தலைச் சொதிக்கும் இதே கதைதான்.

பருப்பு, பசளி, காளான், கோலிஃபிளவர் தடையை இன்றைக்கே கிழிக்கலாம். 47,150 ஆண்களை 12 வருடம் பின்தொடர்ந்து 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இறைச்சியும் கடலுணவும் இந்த வருத்தத்தைக் கூட்டின. பியூரின் உள்ள மரக்கறிகள் கூட்டவில்லை. பால் பொருட்கள் குறைத்தன. ஆகவே தயிர் தாராளமாக வரட்டும்.

தக்காளி மட்டும் கொஞ்சம் சிக்கலான ஆள். 2015இல் நியூசிலாந்தில் இந்த நோயாளிகளிடம் கேட்டபோது, தாக்கத்தைக் கிளப்பும் உணவென்று அவர்கள் சொன்னவற்றில் கடலுணவு, மதுபானம், சிவப்பு இறைச்சிக்கு அடுத்த இடம் தக்காளிக்கு. எல்லாருக்கும் அல்ல, சிலருக்கு. அந்த மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். சொல்பவருக்குப் பழப்புளியோ கொறுக்காய்ப்புளியோ போடுங்கள்.

மீனே வேண்டாம் என்று சொல்லவில்லை. பாரை, விளைமீன் போன்றவற்றில் 60–80 கிராம் துண்டு, கிழமையில் இரண்டு மூன்று நாள். கச்சான் என்ற வரண்ட காற்று அடிக்கிற காலத்தில் உடம்பு நீர் இழந்து யூரிக் அசிட் செறியும். வைத்தியர் தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லாதவரென்றால் நாளுக்கு 2 லீற்றருக்குக் குறையாமல் குடிக்கவேண்டும். இன்னொன்று: இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் தயசைட் நீர்க்குளிசையும் யூரிக் அசிட்டைக் கூட்டும். மருந்துச் சீட்டைக் கிளினிக்கில் காட்டிக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தவேண்டாம். யூரிக் அசிட்டைக் குறைக்கும் அலோபியூரினோலையும் நீங்களாக நிறுத்தவேண்டாம். இரத்தத்தில் யூரிக் அசிட் 100 மில்லிலீற்றருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே நிற்கவேண்டும். சாப்பாட்டால் மட்டும் அந்த அளவுக்கு இறக்குவது பெரும்பாலானவர்களுக்கு முடியாது.

சல்லிக்கரை:

நன்றி. கருவாட்டுக் குழம்பு கிழமைக்கு மூன்று தரம் போகிறது, அதை யாரும் எழுதி ஒட்டவில்லை! சரவாங்கி உள்ள அம்மா ஒருவர் மட்டும், கத்தரிக்காய் சாப்பிட்ட அடுத்த நாள் கைவிரல் மடக்க ஏலாது என்று உறுதியாகச் சொல்கிறார். அவருக்கு என்ன செய்வது?

வெந்நீரூற்று பதில்:

அவரை மறுக்கவேண்டாம், சோதியுங்கள். சரவாங்கி தானாகவே ஏறி இறங்கும் நோய். ஒருநாள் அனுபவத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

முதல் 2 கிழமை வழக்கமான சாப்பாடு. தினமும் காலையில் இரண்டே எண் குறியுங்கள்: எழும்பியதிலிருந்து விரல் இளக எத்தனை நிமிடம், நோ 10க்கு எத்தனை. அடுத்த 4 கிழமை கத்தரிக் குடும்பம் முழுக்க நிறுத்தம். எண்கள் இறங்காவிட்டால் அந்தக் குடும்பம் குற்றவாளி அல்ல, அதோடு முடிந்தது. இறங்கினால் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுங்கள்: கத்தரிக்காய் 100 கிராம் அளவில் 3 நாள், பிறகு 4 நாள் நிறுத்திப் பார்ப்பது, அப்புறம் தக்காளி, அப்புறம் உருளைக்கிழங்கு. கூடிய காயை இன்னொரு முறை கொடுத்துப் பார்த்து, அப்போதும் கூடினால்தான் அது கணக்கு. எந்த நாளில் எது என்று அவருக்குத் தெரியாமல் மசித்துக் கலந்து கொடுத்தால் இன்னும் நல்லது. அவரிடம் முன்கூட்டியே சம்மதம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனை பெரும்பாலும் பிழையாவது மிளகாயால். கத்தரிக்காயை நிறுத்திவிட்டுக் கறித்தூளில் செத்தல் மிளகாய் போய்க்கொண்டே இருக்கும். அதுவும் அதே குடும்பம். கட்லட், ரோல்ஸ், பற்றிஸ் உள்ளே உருளைக்கிழங்கு. சில டின்மீனில் தக்காளிச் சாறு. மிளகாயில்லாத தூளுக்கு மல்லி 250 கிராம், சீரகம் 50, பெருஞ்சீரகம் 50, மிளகு 40, வெந்தயம் 10, ஒரு பிடி கறிவேப்பிலை. தனித்தனியாக வறுத்து இடியுங்கள், வெந்தயம் கருகினால் முழுத்தூளும் கசக்கும். மிளகு வேறு குடும்பம், பயமில்லை. வற்றாளங்கிழங்கும் அப்படித்தான், பெயரில் மட்டும் கிழங்கு ஒற்றுமை.

மருந்தின் அளவு மாற்றிய மாதத்திலும் மாரி தொடங்குகிற ஐப்பசியிலும் தொடங்கவேண்டாம். எது எதனால் கூடியது என்று பிரிக்க முடியாது. மெத்தோட்ரெக்சேட் நிற்கவே கூடாது.

ஆலடி பதில்:

முடக்கொத்தானை மறந்துபோனோம். வீக்கம் குறைவதாக எலிகளில் பார்த்திருக்கிறார்கள். மனிதரில் நம்பத்தக்க பெரிய சோதனை இல்லை. தோசை மாவு 2 கோப்பைக்கு ஒரு பிடி இலை அரைத்துச் சேர்த்தால் கறிபோலத்தான், தடையில்லை. குளிசைக்குப் பதிலாகக் கஷாயம் காய்ச்சிக் குடிப்பதுதான் ஆபத்து. சரவாங்கியில் எலும்பு அரித்தால் திரும்ப வராது. வெறும் வயிற்றில் பிலிம்பிச் சாறு குடிக்கச் சொல்பவர்களும் உண்டு. அதிலுள்ள ஒக்சலேட் சிறுநீரகத்தையே அடைத்துவிடும். நோக்குளிசை எடுக்கும் முதியவருக்கு அது இரட்டை அடி.

கீரையிலுள்ள ஃபோலேட் என்ற விற்றமின் மெத்தோட்ரெக்சேட்டை முறிக்கும் என்று பயப்படவேண்டாம். அந்த மருந்தோடு ஃபோலிக் அசிட் குளிசையே எழுதிக் கொடுக்கிறார்கள். வார்ஃபரின் எடுப்பவருக்குத்தான் கவனம்: வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை எதுவானாலும் நாளுக்கு ஏறக்குறைய ஒரே அளவு, அரைக் கோப்பை சமைத்தது. ஒரு கிழமை ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டு அடுத்த கிழமை தட்டு நிறைய வறை போட்டால் விற்றமின் கே ஏறி மருந்தின் வேலை குறையும். கஷாயம் அவருக்கு வேண்டவே வேண்டாம்.

தேய்மானக்காரருக்கு ஒன்று. 2016இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் 4 கிழமை, தினம் குறைந்தது 2 மணித்தியாலம் முழங்காலில் கோவா இலை கட்டியவர்களுக்கு, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட நோ குறைந்தது. நோவுக்குப் பூசும் டைக்குளோபெனக் களிம்பை அது வெல்லவில்லை. வெளியிலைகளின் தண்டைச் சீவி, போத்தலால் உருட்டிச் சாறு கசிந்ததும் வைத்துத் துணியால் சுற்றுங்கள். தோல் உடைந்த இடத்தில் வேண்டாம்.

கொட்டியாரம்:

சுவர்க்காகிதத்துக்கு ஒரு யோசனை. காயின் பெயரை எழுதாமல் ஆளின் படுக்கை எண்ணை எழுதி, எதிரே அவருக்கு வேண்டாதது. யூரிக் அசிட் மூவருக்குக் கருவாடு, நெத்தலி, தலைச் சொதி. வார்ஃபரின்காரருக்குக் கீரை அளவு. அந்த அம்மாவுக்குச் சோதனை முடியும்வரை கத்தரிக் குடும்பம். மற்றவர்களுக்கு அந்த இடம் வெறுமையாகவே கிடக்கட்டும். கத்தரிக்காய்க் குழம்பைக் கருவாடில்லாமல் ஒரு சட்டியில் வைத்து, வேண்டியவர்களுக்குக் கருவாட்டைத் தனியே வதக்கிப் போட்டால் அடுப்பு ஒன்றே போதும்.