நீராவி எங்கள் ஊருக்கு எப்போது வந்தது?

கேள்வி: வரலாற்று ஆசிரியை, கிளிநொச்சி

தரம் 10 பிள்ளைகளுக்குக் கைத்தொழிற் புரட்சி படிப்பிக்கிறேன். 1769இல் ஜேம்ஸ் வாட் காப்புரிமை பெற்றதையும், 1830இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ரயில் ஓடியதையும் சொன்னேன். "டீச்சர், எங்கள் ஊருக்கு நீராவி எப்போது வந்தது?" என்று ஒரு மாணவி கேட்டாள். 1905இல் வடக்கு ரயில்பாதை முழுமையானதைத் தவிர வேறெதுவும் சொல்ல வரவில்லை. உங்கள் வீட்டுக் கதைகளை எழுதுங்கள்.

பதில்: மாங்குளத்திலிருந்து

நீராவி ரயிலை அப்பு கரிக்கோச்சி என்றுதான் சொல்வார். வீட்டில் மணிக்கூடு கிடையாது. அது கூவிய பிறகுதான் மத்தியானச் சோற்றுக்கு வயலால் ஏறுவாராம். 1990இல் ஓட்டம் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குள் போயின. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் திரும்பியது. கரிக்கோச்சி இல்லை, டீசல்தான். ஆனாலும் அழுதுகொண்டுதான் பார்த்தோம்.

பதில்: பொயிலர் பார்ப்பவர், பரந்தன்

டீச்சர், அந்தப் பிள்ளை நூறு ஆண்டு பின்னால் போய்த் தேட வேண்டாம். அவள் மத்தியானம் சாப்பிட்ட புழுங்கலரிசி நீராவியில் அவிந்த நெல். நான் 19 ஆண்டுகளாக அரிசி மில்லில் பொயிலர் பார்க்கிறேன். எங்கள் ஆவி சில்லுச் சுற்றுவதில்லை, அது மோட்டாரின் வேலை. ஆவி நெல்லுக்கு மட்டும்.

அம்மா கிடாரத்தில் அவித்த காலம் நன்றாக நினைவிருக்கிறது. நெல்லை ஊறப்போட்டு, விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பிப் பாலை விறகு மூட்டுவார். பிறகு படங்கில் பரப்பி, வெயில் ஏற ஏறக் காலால் துழாவுவார். மழை இருட்டினால் அத்தனையையும் அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் ஓட வேண்டும். மில்லில் விறகு இல்லை. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. நேற்றைய நெல்லின் உமி இன்றைய நெல்லை அவிக்கிறது. குழாயைத் திறந்தால் தொட்டியின் அடியிலிருந்து ஆவி ஏறும். மேல்நெல் வாய் விரிந்ததும் மூடிவிட வேண்டும். ஒரு பிடி அள்ளி, ஊதி, நகத்தால் நசுக்கிப் பார்ப்பேன். மணிக்கூட்டைவிட அந்த நகத்தைத்தான் நம்புகிறேன்.

அம்மாவின் முதுகு ஆறியது, என் நித்திரை போனது. அடுப்பு அணையக் கூடாது என்பதால் இரவு வேலை வந்தது. முன்பு நான் நின்ற மில்லில் ஆவிக் குழாயின் மூட்டு ஒழுகியது. சொன்னேன். "அறுவடை முடியட்டும்" என்றார்கள். ஒருநாள் அது பிய்ந்து ஆவி என் இடக்கையில் அடித்தது. சட்டையைக் கழற்றும்போது தோலும் சேர்ந்து வந்தது.

மகளோடு இருந்து நானும் இந்தப் பாடத்தைப் படித்தேன். ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் துணி ஆலைகளில் சேர்க்காதே என்று இங்கிலாந்தில் 1833இல் சட்டம் போட்டார்கள். வாட்டின் பெயரோடு அதையும் தயவுசெய்து சொல்லுங்கள். அடுப்பு வாயில் நின்றவனுக்கு அது பெரிய செய்தி.

கேள்வி கேட்டவர்

கட்டாயம் சொல்வேன் ஐயா. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாமா?

பொயிலர் பார்ப்பவர், பரந்தன்

முதலாளியிடம் கேட்டுவிட்டேன், சம்மதம். பெரும்போக நெல் வந்தபின் மாசிக் கடைசியில் வாருங்கள். காலை ஏழு மணிக்கு முதல் தொட்டி திறப்போம். எல்லோரும் செருப்போடு வரட்டும், சீமெந்துத் தளத்தில் கொட்டும் நெல் கால் பொறுக்காத சூடு. பொயிலரடிக்கு ஐந்தைந்து பேராக நானே கூட்டிப்போகிறேன்.