குறுவை அறுப்பு, சம்பா நடவு, ஆபீஸ், வீடு: நடுவுல இந்தப் படபடப்பை என்ன செய்யறது?

நீடாமங்கலத்துக்காரி:
குறுவை நெல் கொள்முதல் நிலையத்துல குவிச்சுக் கிடக்கு, சம்பா நடவு பாதியில நிக்குது. காலையில கும்பகோணத்துக்குப் பஸ், ஆபீஸ். சாயங்காலம் பிள்ளைங்க படிப்பு, மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை, ஆள் கூலிக் கணக்கு. கொஞ்ச நாளா ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வந்தா அதோட சரி. நெஞ்சு அடிச்சுக்குது, விரல் நுனி மரத்துப் போகுது. ஈசிஜி, பிரஷர் எல்லாம் சரியா இருக்குன்னுட்டாங்க. "டென்ஷனைக் குறைங்க"ன்னு சொல்றாங்களே தவிர எப்படின்னு யாரும் சொல்லலை. எனக்குன்னு ஒரு நாளைக்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம், அவ்வளவுதான். அதுல என்ன செய்யலாம்?

வெண்ணாறு (மனநலப் பிரிவு செவிலியர்):
விரல் மரத்துப் போறதுக்குக் காரணம் மூச்சு. பயத்துல மேல்மூச்சு வாங்கும்போது கரியமில வாயு அளவுக்கு மேல வெளியே போயிடும். அதுலதான் விரல் நுனியில, உதட்டைச் சுத்தி குறுகுறுப்பு, தலை கிறுகிறுப்பு எல்லாம் வருது. பக்கத்துல இருக்கிறவங்க "நல்லா இழுத்து மூச்சு விடு"ம்பாங்க. அந்த நேரத்துல அது தப்பான யோசனை, இன்னும் கூடத்தான் செய்யும். இழுக்கிறது அளவா இருக்கணும், விடுறது நீளமா இருக்கணும். மூக்கு வழியா 4 எண்ணி இழுங்க, 6 எண்ணி விடுங்க. நிமிஷத்துக்கு 6 மூச்சு வரும். ஒரு கையை வயித்து மேல வைங்க. வயிறு எழும்பணும், தோள்பட்டை எழும்பக் கூடாது. காலையில 5 நிமிஷம், மாலையில 5 நிமிஷம். பஸ்ல உக்காந்துகிட்டே செய்யலாம். படபடப்பு வந்த பிறகு மட்டும் செஞ்சு பார்த்துட்டு "இது வேலைக்காகலை"ன்னு விட்டவங்கதான் அதிகம். மனசு நல்லா இருக்கும்போது பழகினாதான் அப்போ கை கொடுக்கும். படபடப்பு பெரும்பாலும் 10 நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போய் தானா இறங்கிடும். ஆனா நெஞ்சை அழுத்துற மாதிரி வலி, குளிர்ந்த வேர்வை, வலி கைக்கோ தாடைக்கோ பரவுறது இருந்தா மூச்சுப் பயிற்சி செஞ்சுகிட்டு உக்காராதீங்க, 108ஐக் கூப்பிடுங்க.

3 மணி முழிப்புக்கு: கிட்டத்தட்ட 20 நிமிஷம் ஆச்சுன்னு தோணினா (கடிகாரம் பார்க்க வேண்டாம்) எழுந்து கூடத்துக்கு வந்துடுங்க. மங்கலான விளக்கு, கையில போன் கூடாது. கண்ணைச் சொக்கினதும் திரும்பப் படுங்க. காலையில எழுந்திருக்கிற நேரம் மட்டும் மாறவே கூடாது, ஞாயித்துக்கிழமைகூட. விட்ட தூக்கத்தைப் பிடிக்கணும்னு எட்டு மணிக்கே படுத்தா முழிப்பு இன்னும் முன்னாடி வரும். முதல் வாரம் பகல்ல தூங்கி வழியும், அந்த வாரத்துலதான் பலரும் கைவிட்டுடறாங்க.

காபி: நம்ம ஊர்ல இதைச் சொன்னா அடிக்க வருவாங்க. ஆனாலும் குடிச்சு 5 மணி நேரம் ஆனாலும் காபீன்ல பாதி உடம்புல இருக்கும். மதியம் 2 மணிக்கு மேல வேண்டாம், டீயும்தான். ஒரேயடியா நிறுத்தினா தலைவலி வரும், ஒவ்வொரு தம்ளரா குறைங்க.

அடங்கல்_சிட்டா:
சகோதரி, சாயங்காலம் 20 நிமிஷம் கவலைக்குன்னே ஒதுக்குங்க, ஒரே நேரம், ஒரே இடம். படுக்கையில வேண்டாம். ஒரு நோட்டுல எழுதி, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல "கையில இருக்கு" இல்லை "கையில இல்லை"ன்னு போடுங்க. புயல் வருமாங்கிறது கையில இல்லை. நெல் நனையுமாங்கிறது பாதி கையில இருக்கு: தார்ப்பாய், குவியலைச் சுத்தி தண்ணி வடிய ஒரு சின்ன வாய்க்கால். மழை விட்டதும் தார்ப்பாயை விலக்கிடணும், மூடியே கிடந்தா புழுங்கி முளை விட்டுடும். வழக்கமா நெல்லுல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போனா கொள்முதல் நிலையத்துல வாங்காம திருப்பி அனுப்பிடுவாங்க, அதனால வெயில் அடிக்கிற நேரம் கிளறி விட ஆள் யாருன்னு பேரோட எழுதுங்க. சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் வழக்கமா நவம்பர் 15. அடங்கல், சிட்டா, ஆதார், பாஸ்புக் நகல் என்னைக்கு எடுக்கறதுன்னு தேதி போடுங்க. தேதியும் ஆளும் போட்ட கவலை ராத்திரியில அவ்வளவா எழுப்பாது. மத்த நேரத்துல கவலை வந்தா ஒரு வார்த்தை குறிச்சு வச்சுட்டு "சாயங்காலம்"னு தள்ளிடுங்க.

இன்னொண்ணு, வானிலை வீடியோ. மேட்டூர் நீர்மட்டம் காலை 8 மணி நிலவரம்னுதான் செய்தியில வருது. அதை மணிக்கொரு தடவை பார்க்கறதால தண்ணி ஏறிடப் போறதில்லை. பார்த்ததும் ஒரு நிமிஷம் நிம்மதி வரும், அந்த நிம்மதிக்காகவே திரும்பப் பார்க்கத் தோணும், பயம் அதுலயே வளரும். காலையில ஒரு தடவை, மாலையில ஒரு தடவை போதும். வாட்ஸப் விவசாயக் குழுவை மியூட்ல போடுங்க.

நீடாமங்கலத்துக்காரி:
நன்றி. மெடிக்கல்ல ஒரு சின்ன மாத்திரை சொல்றாங்க, பாதி போட்டாலே தூக்கம் வந்துடுமாம். வாங்கலாமா? மாமியார் மந்திரிச்சுக்கச் சொல்றாங்க.

மருந்தாளுநர்_திருவாரூர்:
மந்திரிச்சுக்கறதால மாமியார் மனசு ஆறும்னா போயிட்டு வாங்கக்கா, கெடுதல் இல்லை. மாத்திரை வேண்டாம். அவங்க சொல்றது பெரும்பாலும் அல்பிரசோலம் இல்லைன்னா குளோனசிபமா இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாம விக்கவே கூடாது. சில வாரத்துல உடம்பு பழகிடும், அப்புறம் பாதி பத்தாது. திடீர்னு நிறுத்தினா படபடப்பு முன்னைவிட மோசமா வரும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். ஆஸ்துமா இருந்தா படபடப்புக்குப் போடுற புரோப்ரனலாலும் ஆகாது.

முதல்ல ரத்தத்துல தைராய்டும் ஹீமோகுளோபினும் பாருங்க. ரெண்டுல எது சரியில்லைன்னாலும் நெஞ்சு இப்படித்தான் அடிக்கும். அதெல்லாம் சரியா இருந்து, இந்தப் பயிற்சிகளை ரெண்டு மூணு வாரம் செஞ்சும் மாறலைன்னா தஞ்சாவூர் இல்லை திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில மனநலப் பிரிவுக்குப் போங்க. அங்க எழுதிக் கொடுக்கிற தினசரி மாத்திரை வேலை செய்ய 2லிருந்து 6 வாரம் ஆகும். முதல் வாரம் குமட்டல் வரலாம், அதைப் பார்த்து நீங்களா நிறுத்திடாதீங்க. போக நேரமில்லைன்னா அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்நேரமும் தமிழ்லயே பேசலாம், கட்டணம் கிடையாது. உயிரோட இருக்கணுமாங்கிற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் மூணு வாரம் காத்திருக்காதீங்க, அன்னைக்கே கூப்பிடுங்க.

வெண்ணாறு:
ஒண்ணு விட்டுப்போச்சு. நாலு பேர் வேலையை ஒருத்தர் தலையில வச்சுட்டு மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்றது நியாயமில்லை. மாமியாருக்கு ஏழு நாள் மாத்திரை டப்பா வாங்கி ஞாயித்துக்கிழமை நிரப்பிடுங்க, அவங்களே எடுத்துப்பாங்க. கொள்முதல் நிலையத்துக்கு அலையறதை வீட்டுல இன்னொருத்தர் முழுசா ஏத்துக்கட்டும். "உதவி பண்றேன்"னு சொன்னா போதாது. நெல்லைச் சாக்குல பிடிக்கிறதுலேர்ந்து பணம் பேங்க்ல ஏறுற வரைக்கும் அவங்க பொறுப்பு, நடுவுல நீங்க போன் பண்ணிக் கேக்கக் கூடாது.